தீக்கோழிக் கறியும் ஏறாத இரும்பும்

எங்கள் வைத்தியசாலையின் உணவு ஆலோசனைப் பிரிவில் அடுத்த மாதம் வேலை தொடங்கப்போகும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். நான் ஆராவ்வை விட்டு, இங்கே சுவிஸிலேயே இன்னொரு ஊரான ஃப்ரிபூர்க்குக்குப் போகிறேன். ஆறு வருடம் இருந்த அறையின் சாவியைக் கொடுத்தாயிற்று. மேசையில் கிடந்தவற்றைப் பெட்டியில் போட்டாயிற்று. இந்த ஒரு விடயம் மட்டும் பெட்டிக்குள் போகமாட்டேன் என்கிறது. இரண்டு கிழமையாக எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். உங்கள் இருவருக்கும் தமிழைவிட ஜெர்மன் நன்றாக வரும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான். ஆனாலும் தமிழில் எழுதுகிறேன், பிழை தமிழில்தான் நடந்தது.

தீக்கோழி இறைச்சியைப் பற்றி யாராவது கேட்டால் நான் இப்போதும் நிறுத்தாமல் கதைப்பேன். பறவைதான், ஆனால் இறைச்சி மாட்டிறைச்சியைப் போலச் சிவப்பு. கொழுப்பு மிகக் குறைவு, தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்குப் பக்கத்தில் வைக்கலாம். புரதம் மாட்டிறைச்சிக்குக் குறையாது. கோழி நெஞ்சில் உள்ளதைவிட இரும்பு பல மடங்கு. அதுவும் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பைவிட உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளுகிற வகை. விற்கிறவர்கள் கொலஸ்ட்ரோல் இல்லவே இல்லை என்பதுபோலச் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், மற்ற இறைச்சிகளில் உள்ள அளவு இதிலும் இருக்கும். இவ்வளவும் சரியான தகவல். இதில் ஒரு சொல்லைக்கூட நான் இன்றைக்கு மாற்றமாட்டேன்.

எங்கள் ஆட்களில் பலர் மாடு தொடமாட்டார்கள். இரத்தம் குறைந்து ஆலோசனைக்கு வந்தால், என்னோடு வேலை செய்யும் சுவிஸ்காரர்கள் மாட்டிறைச்சி என்று தொடங்குவார்கள், நம்மவர்கள் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பீட்ரூட் அவிப்பார்கள். நான்தான் தீக்கோழியைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றுதான் அந்த நாட்களில் எனக்குள் சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா இடப்பெயர்வில் மூன்றாம் வகுப்போடு நின்றவர், அம்மாவுக்கு அதுவும் இல்லை. வீட்டுக்கு வருகிற கடிதங்களை எட்டு வயதிலிருந்து நான்தான் வாசித்துச் சொன்னேன். கேள்வி வந்தால் என்னிடம் பதில் இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் வைத்தியசாலைக்குள்ளும் என்னோடு வந்தது.

நான் சொல்லவந்த நோயாளியைச் சிவம் அங்கிள் என்று வைத்துக்கொள்வோம். லாங்கன்தாலில் ஒரு தொழிற்சாலையின் களஞ்சியத்தில் வேலை. ஐம்பத்தைந்து தாண்டியவர். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று குடும்ப வைத்தியரிடம் போயிருக்கிறார். வைத்தியர் எங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் மூன்றே வரிகள். முதல் வரி: இரத்தம் குறைவு, இரும்புச் சேமிப்பு அநேகமாக இல்லை, இரும்பு மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வரி: காரணத்தை அறியக் குடல் பரிசோதனைக்குத் தனியாக அனுப்பப்பட்டிருக்கிறார். மூன்றாம் வரி: உணவு ஆலோசனை தேவை.

நான் மூன்றாம் வரியில் வேலை செய்கிறவள். இரண்டாம் வரியை வாசித்தேன், தாண்டினேன்.

"வணக்கம் டொக்டர் பிள்ளை" என்றபடிதான் உள்ளே வந்தார். நான் டொக்டர் இல்லை என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. சொல்லவில்லை. அவர் அந்தச் சொல்லைச் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. அதில் கொஞ்சம் எனக்கும் வேண்டியிருந்தது.

"மாடு சாப்பிடுவீங்களோ அங்கிள்?"

"சீச்சீ. நாங்கள் சைவ சமய ஆக்கள் பிள்ளை. ஆடு, கோழி, மீன், அவ்வளவும்தான்."

"ஆடு எத்தினை தரம் சாப்பிடுவீங்கள்?"

"அதை டொக்டர் கொலஸ்ட்ரோல் எண்டு நிப்பாட்டிப்போட்டார். இப்ப கோழிதான். கோழியைக் கண்டாலே எனக்குக் கோவம் வருது."

"தீக்கோழி தெரியுமோ?"

"மிருகக்காட்சிச்சாலையில கண்டிருக்கிறன். அதுவும் என்னைக் கண்டது."

இருவரும் சிரித்தோம். கொழுப்பு குறைவு, இரும்பு கூட, மாடு இல்லை. அவருக்கென்றே செய்த இறைச்சிபோல இருந்தது. கிழமைக்கு மூன்று தரம், எவ்வளவு, எதனோடு, சாப்பிட்ட உடனே பிளேன்டீ என்கிற பாலில்லாத தேநீர் குடிக்கக்கூடாது, தேசிக்காய் பிழிந்தால் நல்லது என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழும்பினார். கதவுப் பிடியில் கை வைத்தபடி திரும்பினார்.

"அப்ப பிள்ளை, இது சாப்பாட்டால சரி வாற விசயம்தானே?"

"ஓம் அங்கிள், சரி வரும்."

அடுத்த ஆள் வெளியே காத்திருந்தார். நான் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு தொலைபேசி அழைப்பு. "நான் சிவத்தின்ர மனுசி கதைக்கிறன். நீர் படிச்ச பிள்ளை, உண்மையைச் சொல்லும். இது மாடுதானே?"

"இல்லை அன்ரி. தீக்கோழிதான்."

"கோழி இப்பிடி இரத்தமாக் கிடக்குமோ? நாலு தரம் கழுவிப்போட்டன், இன்னும் சிவப்பு."

"கழுவாதீங்கோ அன்ரி."

"கழுவாமல் சமைக்கச் சொல்லுற டொக்டரை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்."

அது நாள் முழுக்க ஓடுகிற பறவை, அதனால்தான் தசை சிவப்பு என்று விளக்கினேன். கோழியும்தானே ஓடுகிறது என்றார். "கோழியின்ர கால் இறைச்சி நெஞ்சைவிடக் கறுப்புத்தானே அன்ரி?" என்று கேட்டேன். "அது சரி" என்றார். ஆனாலும் முதல் மாதம் முழுக்க அதைத் தனிச் சட்டியில்தான் சமைத்தார் என்று பிறகு அறிந்தேன். முதல் தரம் எங்கள் வழக்கப்படி நன்றாக வேகட்டும் என்று விட்டிருக்கிறார். கொழுப்பில்லாத இறைச்சி, செருப்புப்போல வந்திருக்கிறது. பிறகு மெல்லியதாக வெட்டி, வறுத்த தூள் போட்டு, சின்ன நெருப்பில் வைத்துப் பழகிக்கொண்டார்.

அவர் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்ல, இப்படித்தான் அது பரவியது. ஒரு சனிக்கிழமை ஆராவ்வில் உள்ள தமிழ்க் கடைக்குப் போனால், குளிர்பெட்டியில் மீனுக்கும் மரவள்ளிக்கும் நடுவில் தீக்கோழி கிடக்கிறது. "எல்லாரும் வந்து டொக்டர் பிள்ளை சொன்ன இறைச்சி எண்டு கேக்கினம்" என்றார் கடைக்காரர். டொக்டர் பிள்ளை யார் என்று அவருக்குத் தெரியாது. நான் ஒரு பைக்கற் எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தேன். பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்க முடியவில்லை, வீடுவரை நடந்தே போனேன். அவ்வளவு சந்தோசம்.

ஒன்பதாவது கிழமை சிவம் அங்கிள் திரும்பி வர வேண்டும். அன்று காலை அவருடைய புதிய இரத்தப் பரிசோதனை முடிவு கணினியில் வந்திருந்தது. இரும்பு ஏறவில்லை. இரத்தத்தின் அளவு முன்பைவிட இறங்கியிருந்தது.

என் முதல் நினைப்பை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. இவர் சாப்பிடவில்லை, பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். கோபமும் வந்தது. கடைக் குளிர்பெட்டி கண்ணுக்கு முன்னால் வந்தது. பத்து மணிக்கு அவர் வரும்வரை கதிரையில் இருக்க முடியாமல் யன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தேன்.

இம்முறை மனைவியோடு வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. இருந்ததும் ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு நாளும் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எத்தனை துண்டு என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மரக்கறி. பிளேன்டீ சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்து. நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு சொல்கூடத் தவறவில்லை.

"உண்மையாவே இவ்வளவும் சாப்பிட்டனீங்களோ?"

"நான் பக்கத்தில நிண்டு பாத்தனான்" என்றார் மனைவி. "பிள்ளை, இந்த மனுசன் எங்கட கலியாணத்திலயும் இவ்வளவு பக்தியாய்ச் சாப்பிடேல்லை."

என் பட்டியலைத் திரும்பவும் ஓட்டினேன். தேநீர், பால், வேறு மாத்திரைகள், சமைக்கும் விதம். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. பட்டியல் முடிந்துவிட்டது, என்னிடம் வேறு கேள்வி இல்லை. என் கை விசைப்பலகையில் இருந்தது. மூன்று தரம் என்பதை ஐந்து தரமாக்கலாம் என்று எழுதத் தொடங்கியிருந்தேன். எழுதி முடிக்க முதலே அவர் கேட்டுவிட்டார்.

"அப்ப அஞ்சு தரமாக்குவமோ பிள்ளை? ஆறெண்டாலும் எனக்குப் பிரச்சினை இல்லை."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வேலையில் நாளுக்குப் பத்துப் பேர் வருவார்கள், நீங்கள் சொன்னதைக் குறைக்கச் சொல்லி ஒன்பது பேர் கேட்பார்கள். சொன்னதற்கு மேலே செய்கிறேன் என்று ஒருவர் கெஞ்சினால், அவர் எதையோ செய்யாமல் விட இடம் தேடுகிறார். அன்றைக்கு இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவருடைய குரலில் இருந்த அவசரம் மட்டும்தான் என்னை உறுத்தியது. எழுதியதை அப்படியே விட்டுவிட்டுப் பழைய கடிதத்தைத் திறந்தேன். மூன்று வரி.

"அங்கிள், குடல் பரிசோதனை எப்ப நடந்தது?"

அவர் கொப்பியை மூடினார்.

"எந்தப் பரிசோதனை?" என்று கேட்டார் மனைவி.

"அது தேவைப்படேல்லை" என்றார் அவர், மனைவியைப் பார்க்காமல். "அவையள் தந்த டெர்மின் திகதியை நான் போன் எடுத்து நிப்பாட்டிப்போட்டன். அண்டைக்கே."

"ஏன் அங்கிள்?"

"நீர்தானே பிள்ளை சொன்னனீர், சாப்பாட்டால சரி வரும் எண்டு."

குடும்ப வைத்தியரின் உதவியாளர் கேட்டபோதும், ஸ்பிட்டாலில், அதாவது எங்கள் வைத்தியசாலையில், பார்க்கினம் என்று சொல்லியிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. ஸ்பிட்டாலில் டொக்டர் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இந்த மனிதர் ஒன்பது கிழமையாக எங்கோ இரத்தத்தை இழந்துகொண்டிருக்கிறார், நான் மேலே இறைச்சியைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தெரியும். ஜெர்மனில் அதை எத்தனையோ பேரிடம், சாப்பாட்டு நேரம் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறேன். தமிழில் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. அப்பாவின் வயதுக்காரர், முன்னால் மனைவி, நானோ அவர்களுக்கு ஒரு சின்னப் பிள்ளை. நாளைக்குக் குடும்ப வைத்தியரே கேட்கட்டும் என்று விட்டுவிட ஒரு வழி இருந்தது. அந்த வழி மிகவும் மரியாதையானதாகவும் தோன்றியது.

"அன்ரி, ஒரு அஞ்சு நிமிசம் வெளியில இருப்பீங்களோ?"

அவர் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழும்பினார். கதவு மூடியதும் கேட்டேன், சுற்றி வளைக்காமல். "அங்கிள், கக்கூசுக்குப் போகேக்க இரத்தம் போகுதோ? இல்லாட்டி கறுப்பாப் போகுதோ?"

சுவரில் தொங்கிய காய்கறிப் படத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வேறொன்றும் சொல்லாமல் இருந்தேன். அந்தப் பேசாத நேரத்தை நிரப்ப என் நாக்குத் துடித்தது. நிரப்பியிருந்தால் அவர் சொல்லியிருக்கமாட்டார்.

"கறுப்பாத்தான் போகுது" என்றார் கடைசியில். "தீக்கோழியால எண்டு நினைச்சன்."

"தீக்கோழி தொடங்க முதல்?"

"முதலும் போனதுதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உம்மட்டை எப்பிடிச் சொல்லுறது பிள்ளை? உம்மட வயசில எனக்கு மகள் இருக்கிறா" என்றார்.

அங்கிளின் சம்மதத்தோடு மனைவியைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு, இருவருக்கும் சேர்த்துச் சொன்னேன். இரும்பு குறைந்ததற்குக் காரணம் சாப்பாடாக இல்லாமல் இருக்கலாம். இரத்தம் எங்கிருந்து போகிறது என்று உள்ளே பார்த்தே ஆக வேண்டும். சரி வரும் என்று நான் சொன்னது பிழை. அதைச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. "நான் டொக்டர் இல்லை, உணவு ஆலோசகர். முதல் நாளே சொல்லியிருக்க வேணும்."

"அது எங்களுக்கும் தெரியும்" என்றார் மனைவி. "ஆனா அந்தக் கட்டிடத்தில எங்களோட எங்கட பாசையில கதைக்கிற ஆள் நீர்தானே. வேற ஆற்ற கதையைக் கேக்கிறது?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அவர்களை வெளியே இருத்திவிட்டுப் பிரிவுத் தலைவியிடம் போனேன். இரண்டு மாடி ஏறுவதற்குள் என் தலைக்குள் ஒரு அழகான வசனம் தயாராகிவிட்டது. ஜெர்மனில், பிழையே இல்லாத இலக்கணத்தில்: நோயாளி ஆலோசனையைத் தவறாகப் புரிந்துகொண்டு பரிசோதனையை இரத்துச் செய்துள்ளார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதை எழுதினால் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். கதவுக்கு வெளியே நின்று அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். பிறகு உள்ளே போய், "உணவால் சரியாகும் என்று நான் சொன்னேன், அவர் என் சொல்லை நம்பிப் பரிசோதனையை நிறுத்திவிட்டார்" என்றேன்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "அதை அப்படியே எழுதுங்கள்" என்றார். "எழுத முதல் தொலைபேசி எடுங்கள்."

நோயாளி தவறாகப் புரிந்துகொண்டார் என்று அறிக்கை போயிருந்தால், அவருக்கு அடுத்த மாதம் ஒரு டெர்மின் கிடைத்திருக்கும். இங்கே பிழை நடந்திருக்கிறது, இரத்தம் இறங்கியிருக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று போனபடியால் அதே கிழமை வியாழக்கிழமைக்கு இடம் கிடைத்தது. உங்கள் பிழையை நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் இன்னொருவருடைய நாட்கள் இருக்கின்றன.

பரிசோதனைக்கு மொழிபெயர்க்க என்னைத்தான் வரச் சொல்லிச் சிவம் அங்கிள் கேட்டார். நான் போகவில்லை. மறுப்பது கடினமாக இருந்தது. ஆனால் அந்த அறையில் நான் நின்றால் வைத்தியர் சொல்வதை விட்டுவிட்டு அவர் என் முகத்தைத்தான் பார்ப்பார். அவரை யாரென்றே அறியாத ஒரு மொழிபெயர்ப்பாளரை வேறு ஊரிலிருந்து ஒழுங்குபண்ணினேன். ஆண். அன்ரியிடம் மட்டும், பரிசோதனைக்கு முதல் நாள் என்ன குடிக்க வேண்டும், என்ன சாப்பிடக்கூடாது என்று விளக்கினேன். அதுதான் என் வேலை.

வியாழக்கிழமை முழுக்க எனக்கு ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கதைக்கும்போதும் கை தொலைபேசியைத் தேடியது. பின்னேரம் முடிவு வந்தது. குடலில் கட்டி. இரண்டு கிழமையில் வெட்டி எடுத்தார்கள். பிறகு சில மாதம் மருந்து ஏற்றினார்கள். அவர் இப்போது மெலிந்துவிட்டார், ஆனால் மாடிப்படி ஏறுகிறார். இரும்பும் ஏறியிருக்கிறது. இரத்தம் போவது நின்றபிறகு, ஏறுவதற்குத் தீக்கோழியே தேவைப்படவில்லை. கோழியும் பருப்பும் நாளத்தில் இரண்டு தரம் ஏற்றிய இரும்பும் போதுமாக இருந்தன.

நான் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் போய் ஒரு கேள்வி கேட்டேன். அந்த ஒன்பது கிழமை எதையாவது மாற்றியதா? அவர் யோசித்தார். மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம், இனி எவராலும் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒன்று வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை. உங்களுக்கும் பல தரம் கிடைக்காது.

அந்தப் பதிலை வைத்திருந்து என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு மாதம் சுமந்தேன். அது என்னுடைய பதில் இல்லை, அவருடையது என்று பிறகு விளங்கியது. போன கிழமை, என் கடைசி வேலை நாட்களில் ஒன்றில், இருவரும் வந்தார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கதைத்து முடிந்ததும் வைத்தியர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒன்பது கிழமை. மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம்.

அங்கிள் கைகளை முழங்காலில் வைத்தார்.

"போன் எடுத்து வேண்டாம் எண்டு சொன்னது நான்தானே பிள்ளை" என்றார். "பாதிப் பிழை என்ர."

"பாதிதான்" என்றார் மனைவி. குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு எழும்பினார். கணவரைக் கையில் பிடித்துத் தூக்கிவிட்டார். கதவைத் திறந்தபிறகுதான் என்னைப் பார்த்தார்.

"மற்றப் பாதியை நீர் வைச்சிரும்."